அறிந்தளிக்கும் இசைவு

நகரி, புத்தூர், சத்தியவேடு போன்ற ஆந்திர எல்லை ஊர்களில் தமிழை வீட்டிலும் தெலுங்கைப் பள்ளியிலும் பழகியவர்கள் ஏராளம். அங்கே உடல்நல ஆய்வுக்காக வீடு தேடி வருபவர் நீட்டும் தாளின் தலைப்பில் தெலுங்கில் ‘அங்கீகார பத்ரம்’ என்று இருக்குமானால், அதன் பொருள் ‘சம்மதப் படிவம்’ என்பதே. தமிழ்க் காதிலோ அங்கீகாரம் என்பது அரசு ஒரு பள்ளிக்கோ கல்லூரிக்கோ வழங்குவது. எழுத்தைத் தெலுங்காகப் படித்துப் பொருளைத் தமிழாகக் கொள்ளும் விசைத்தறித் தொழிலாளி, ‘இந்த ஆய்வுக்கு அரசு அனுமதி இருக்கிறது’ என்று எண்ணி, “எங்கே சார் கையெழுத்துப் போடணும்?” என்றுதான் கேட்பார். தம்மிடம் ஒன்று கேட்கப்படுகிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆய்வோ சிகிச்சையோ என்ன என்று புரிந்துகொண்டு ஒருவர் தாமாகத் தரும் சம்மதத்தை ஆங்கிலத்தில் ‘இன்ஃபார்ம்டு கன்சென்ட்’ என்பர். இந்தத் தொடர், 1957-இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் வழியே மருத்துவச் சட்டத்தில் நிலைபெற்றது. கருத்து அதற்கு முந்தையது. ஹிட்லர் கால நாஜி மருத்துவர்களை விசாரித்த வழக்கின் முடிவில், 1947-இல் வகுக்கப்பட்ட நியூரெம்பர்க் நெறிகள் பத்தில் முதலாவது, ஆய்வுக்கு உட்படுபவரின் தன்விருப்பச் சம்மதம் இன்றியமையாதது என்கிறது. ‘கன்சென்ட்’ என்பதன் லத்தீன் வேர்ப்பொருள் ‘உடன் உணர்தல்’. சம்மதம் என்ற வடசொல்லின் வேர்ப்பொருளும் ஏறத்தாழ ‘சேர்ந்து எண்ணுதல்’தான்.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. ‘சம்மதம்’ எல்லாருக்கும் தெரிந்தது; தெலுங்கிலும் ‘சம்மதி’ உண்டு. ஆனால் ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்ற வழக்கு அதன் முதுகில் ஏறிக்கொண்டே வருகிறது; ஆய்வறத்தில் மௌனமும் தலையாட்டலும் சம்மதம் ஆகா. அரசுத் தாள்களில் பெருவழக்கான ‘ஒப்புதல்’ எனக்கு இன்னும் பொருந்தாததாகவே படுகிறது. மேலதிகாரி தருவதும் ஒப்புதல். குற்றவாளி தருவது ஒப்புதல் வாக்குமூலம். தெலுங்கின் ‘ஒப்புகோலு’வும் குற்றத்தை ஒத்துக்கொள்ளும் பொருளைச் சுமப்பதால், எல்லையில் இந்த நிழல் இரட்டிப்பாகிறது. ‘இசைவு’க்கு அத்தகைய சுமை இல்லை. இருவர் இருந்தால்தான் இசைய முடியும்; இசையாமல் இருக்கவும் முடியும். ஆகவே ‘அறிந்தளிக்கும் இசைவு’ என்பதே என் தேர்வு. ‘தகவலறிந்த’ என்று தொடங்குவதைவிட இது நல்லது; தகவல் காதில் விழுந்தாலே போதும், அறிதலுக்குப் புரிதல் வேண்டும்.

அறிந்தவர் யார், இசைந்தவர் யார் என்ற கேள்வியை இதே ஆந்திரம் கசப்பாகச் சந்தித்திருக்கிறது. 2009-இல், அன்றைய ஒன்றுபட்ட மாநிலத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வொன்றில் 10 முதல் 14 வயதுச் சிறுமியர் சேர்க்கப்பட்டனர். அதை ஆராய்ந்து 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையின்படி, 9,543 படிவங்களில் 1,948 கைநாட்டு. 2,763-இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். தாளில் இசைவு இருந்தது. இசைய வேண்டிய பெற்றோர் பல தாள்களில் இல்லை.

நோய்ச்சுமை எந்தச் சமூகத்தின் மேல் கூடுதலாக விழுகிறது, ஏன் விழுகிறது என்று தேடும் சமநீதி நோக்குள்ள ஆய்வுகளில் இந்தச் சொல்லின் எடை இன்னும் கூடுகிறது. படிவம் தெலுங்கில் மட்டும் இருப்பதால் தமிழ்க் குடும்பங்களை விட்டுவிட்டால், அவர்களுடைய நோய் கணக்கிலேயே வராது. புரியவைக்காமல் சேர்த்துக்கொண்டால், அவர்கள் வெறும் தரவாகிவிடுவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இரண்டுக்கும் இடம் தருவதில்லை. விளக்கத் தாள் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஊர்ப் பெரியவரின் அனுமதி தனிமனிதரின் இசைவுக்கு ஈடாகாது. இசைந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் அவருக்குக் கிடைக்கும் சிகிச்சை குறையக் கூடாது.

இதனோடு ஒட்டிய இன்னொரு பிழையையும் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் ஆய்வுக்கு உட்படுபவரைக் குறிக்கும் ‘சப்ஜெக்ட்’ என்ற சொல்லை எந்திர மொழிபெயர்ப்புகள் ‘மனிதப் பாடங்கள்’ ஆக்கிவிடுகின்றன. கணக்குப் பாடம், அறிவியல் பாடம் என்பதுபோல. உலக மருத்துவச் சங்கம் 1964-இல் வெளியிட்ட ஹெல்சிங்கி அறிக்கையின் 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த ஆங்கிலச் சொல்லே நீக்கப்பட்டு, ‘பங்கேற்பாளர்’ என்ற பொருளுள்ள சொல் இடம்பெற்றுள்ளது. நமக்கும் அதுவே போதும்.

எல்லை ஊர்ப் படிவத்துக்குத் தமிழில் ‘இசைவுப் படிவம்’ என்றே தலைப்பிடலாம். வாய்மொழியாகக் கேட்கும்போது, “இதுல சேர உங்களுக்குச் சம்மதமாம்மா? வேண்டாம்னாலும் ஒண்ணுமில்ல” என்று கேட்பதில் தவறில்லை, இரண்டாவது வாக்கியத்தை விழுங்கிவிடாமல் இருந்தால்.