குருத்தணு: கொழுப்பிலிருந்து எடுக்கும் ‘ஸ்டெம் செல்’லுக்குத் தமிழில் என்ன பெயர்?

வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ‘ஸ்டெம் செல்’லைச் சில கட்டுரைகளில் ‘தண்டு செல்’ என்று எழுதுகிறார்கள். அகராதியில் ஸ்டெம் என்றால் தண்டு என்று இருக்கும், அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவிடம், முழங்கால் வலிக்கு வயிற்றுக் கொழுப்பிலிருந்து இதை எடுத்துப் போடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “தண்டு செல்லுன்னு போட்டிருக்கே, முதுகுத்தண்டுல ஊசி போடுவாங்களா தம்பி?” என்று என்னிடம் கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை, சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

சரி, இந்த ‘ஸ்டெம்’ எங்கிருந்து வந்தது? ஜெர்மன் மொழியிலிருந்து. 1868இல் ஏர்ன்ஸ்ட் ஹேக்கல் என்ற உயிரியலாளர் ‘ஸ்டாம்ட்செல்லெ’ என்று எழுதினார். ஜெர்மனில் ‘ஸ்டாம்’ என்றால் அடிமரம், அதோடு குலம், வம்சம் என்றும் பொருள் உண்டு. வம்சாவளிப் படத்துக்கு அவர்கள் சொல்வது ‘ஸ்டாம்பவ்ம்’, அதாவது குலமரம். உயிர்களின் பரிணாமத்தைப் பெரிய பெரிய மரங்களாக வரைந்து காட்டியவர் ஹேக்கல். எல்லா உயிர்களுக்கும் ஆதியான ஒற்றைச்செல் மூதாதைக்குத்தான் அவர் இந்தப் பெயரை முதலில் வைத்தார், பிறகு கருவுற்ற முட்டைக்கும் அதையே சொன்னார். ரத்த அணுக்கள் எதிலிருந்து பிறக்கின்றன என்று தேடியவர்கள் பிற்பாடு இதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆக, ‘ஸ்டெம்’ என்பதில் இருப்பது தண்டின் உருவம் அல்ல, குலமுதல் என்ற கருத்து. தமிழில் தண்டு என்றால் வாழைத்தண்டும் கீரைத்தண்டும்தான் நினைவுக்கு வரும், வம்சம் வராது.

‘மூல உயிரணு’ என்று எழுதுகிறவர்கள் ஹேக்கலின் பொருளுக்கு நெருங்கி வருகிறார்கள். ஆனாலும் எனக்குப் பிடித்த சொல் குருத்தணு. குருத்து என்பது வாழையிலோ தென்னையிலோ நடுவில் சுருண்டு நிற்கும் விரியாத இளசு, இனிமேல்தான் ஏதாவது ஆகப்போகிறது. இந்தச் செல்களும் அப்படித்தான்: தன்னைப் போலவே இன்னொன்றைப் பெருக்கிக்கொள்ளும், தேவைப்பட்டால் வேறொன்றாக விரியும். ‘அணு’ என்றதும் அணுகுண்டு ஞாபகம் வருகிறதே என்பவர்களுக்கு, இது குருத்து உயிரணு என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். இலங்கையில் செல்லைக் ‘கலம்’ என்றும் திசுவை ‘இழையம்’ என்றும் பள்ளியிலேயே படிக்கிறார்கள். நம் ‘திசு’ ஆங்கில ஒலியைத் திருப்பிச் சொன்னது. ஆங்கிலச் சொல்லோ பிரெஞ்சில் ‘நெய்தது’ என்ற பொருளிலிருந்து வந்தது, அதனால் இழை, இழையம் என்பது மூலத்தின் பொருளையே பிடித்துவிட்டது. இந்த ஒன்றில் இலங்கைத் தமிழர் நம்மைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள், தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

கொழுப்புக்குச் சங்க இலக்கியத்தில் ‘நிணம்’ என்ற அருமையான சொல் உண்டு. ஆனால் இன்றைக்கு ‘நிணநீர்’ வேறொரு பொருளுக்குப் போய்விட்டதால் நிணம் என்று எழுதினால் குழப்பம்தான் வரும். கொழுப்பு என்றே இருக்கட்டும். கொழுத்தல் என்றால் செழித்தல், சொல்லிலேயே வளம் இருக்கிறது.

அந்த வளம் வெறும் சொல்லில் மட்டும் இல்லை. அழகுக்காகக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைக்குப் பிறகு கழிவாகப் போய்க்கொண்டிருந்த பொருளில், எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் தசையாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடிய செல்கள் இருப்பதாக 2001இல் பட்ரீஷியா ஜுக் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். கொழுப்பைக் கழுவி, கொலாஜினேஸ் என்ற நொதியால் கரைத்து, சுழற்றினால், கொழுப்புச் செல்கள் மேலே மிதக்கும், அடியில் தங்கும் கலவையில் இந்தக் குருத்தணுக்கள் இருக்கும். அதைக் குடுவையில் விட்டு வளர்க்க வேண்டும்.

இந்த வளர்ப்பைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆங்கிலத்தில் இதற்குக் ‘கல்ச்சர்’ என்கிறார்கள், லத்தீனில் நிலத்தை உழுது பயிர் செய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வயலிலிருந்து ஆய்வகத்துக்குப் போன சொல் அது. அப்படியானால் நாமும் நம் வயல் சொற்களைக் கூச்சப்படாமல் கொண்டுபோகலாமே! குடுவையைப் படுக்கவைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். இளஞ்சிவப்பு நீர்மத்துக்கு அடியில், பிளாஸ்டிக் தரையைப் பிடித்துக்கொண்டு, நூல் நூற்கும் கதிர் மாதிரி இரு முனையும் கூராக நீண்ட செல்கள் தெரியும். சில நாளில் இடம் நிறைந்து நெருக்கியடித்து, சுழி சுழியாக வரிசைகட்டி நிற்கும். அப்போது டிரிப்சின் என்ற நொதியை ஊற்றிப் பிடியைத் தளர்த்தி, பிரித்துப் புதுக் குடுவைகளில் போடுவார்கள். நாற்றங்காலில் பறித்து நடுவதேதான் இது. ஆங்கிலத்தில் ‘பாசேஜ்’ என்கிறார்கள், தமிழில் ‘நடவு’ என்றே சொல்லலாம்: முதல் நடவு, இரண்டாம் நடவு என்று. எத்தனை நடவு என்பது முக்கியம், ஏனென்றால் நடவு ஏற ஏற செல்கள் மூப்படைந்து பெருகும் வேகம் குறையும். கொழுப்பிலிருந்து எடுத்த புதிதில் மேற்பரப்பில் இருக்கும் சி.டி.34 என்ற அடையாளப் புரதம் வளர்ப்பில் மெல்ல மறைந்தும் போகும். உடம்பில் இருந்த செல்லும் குடுவையில் இருக்கும் செல்லும் முழுக்க ஒன்றல்ல.

நீருக்குள் என்ன ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்து செல்லின் போக்கே மாறும். இன்சுலின், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, இன்னும் சில சேர்ந்த கலவையை ஊற்றினால் செல்லுக்குள் எண்ணெய்த் துளிகள் திரண்டு கொழுப்புச் செல்லாகிவிடும். வைட்டமின் சி-யும் பாஸ்பேட் தரும் பொருளும் டெக்ஸாமெத்தசோனும் சேர்ந்தால் அதே செல் சுண்ணாம்புச் சத்தைப் படிய வைத்து எலும்பின் பக்கம் போகும். செல் வளரும் இந்த நீர்மத்துக்கு ஊடகம் என்று பெயர். வழக்கமான ஊடகத்தில் பத்து சதவீதம் வரை கன்றுக் கருவின் ரத்தச் சீரம் சேர்க்கிறார்கள், அது ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும் என்பதால் மனித ரத்தத் தட்டணுச் சாறு போன்றவற்றுக்கு மாறுகிறவர்களும் உண்டு.

காற்றும் அப்படித்தான். வழக்கமான வளர்ப்புப் பெட்டிக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட வெளிக்காற்று அளவுக்கு இருக்கும், உடம்புக்குள் கொழுப்பில் பத்து சதவீதத்துக்கும் கீழேதான். ஆக்சிஜனைக் குறைத்து வளர்த்தபோது ரத்தக்குழாய் வளரத் தூண்டும் புரதமான வி.இ.ஜி.எஃப். சுமார் ஐந்து மடங்கு கூடுதலாகச் சுரந்ததாக 2004இல் ஓர் ஆய்வு காட்டியது.

தரையின் மென்மை இதைவிட ஆச்சரியம். 2006இல் ஆடம் எங்க்ளர், டென்னிஸ் டிஷெர் என்ற ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த இதே வகைச் செல்களை வெவ்வேறு கடினத்தன்மை உள்ள ஜெல்களில் வளர்த்துப் பார்த்தார்கள். மூளை போல மெத்தென்ற ஜெல்லில் நரம்புச் சாயல், நடுத்தரத்தில் தசைச் சாயல், கடினத்தில் எலும்புச் சாயல். நாம் வளர்க்கும் பிளாஸ்டிக்கோ கொழுப்பைவிட லட்சம் மடங்குக்கும் மேல் கடினமானது! பிளாஸ்டிக்கில் நீண்ட நாள் இருந்த செல்லை அப்புறம் மென்மையான ஜெல்லுக்கு மாற்றினாலும் அந்தக் கடினத்தின் நினைவு அதற்குள் தங்கிவிடுகிறது என்று 2014இல் கிறிஸ்டி ஆன்செத் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. குறுகிய காலம் இருந்தால் மறந்துவிடுகிறது, நாள் கூடினால் மறப்பதில்லை.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடையும்போது வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு மட்டை விரியும்போதுதான் ஓலை விசிறி மாதிரி வெட்டுப்பட்டு நிற்கும். குருத்தில் பட்டது விரிந்த பிறகு தெரிகிறது. குருத்தணு என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த அக்காவுக்கும் இதைத்தான் சொன்னேன். முதுகில் ஊசி இல்லை அக்கா, ஆனால் ‘உங்கள் சொந்தக் கொழுப்புதானே, என்ன ஆகும்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், எடுத்ததை எப்படி வளர்த்தார்கள் என்று கேளுங்கள் என்றேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ரத்தம் உண்டாக்கும் குருத்தணு மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற எல்லாமே இன்னும் ஆய்வு நிலைதான், முழங்கால் ஊசியும் அதில் சேரும். பெயரிலேயே சண்டை இருக்கிறது: இவற்றுக்கு ‘மெசன்கைமல் ஸ்டெம் செல்’ என்று 1991இல் பெயர் வைத்த உயிரியலாளர் ஆர்னால்ட் கேப்லனே, 2017இல் அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். உடம்புக்குள் போட்டால் இவை புது இழையமாக மாறுவதைவிட, மருந்துபோல வேலை செய்யும் பொருள்களைச் சுரப்பதே அதிகம் என்பது அவர் வாதம்.

அதனால் நீங்கள் தமிழில் இதைப் பற்றி எழுதினால் வெறுமனே ‘ஸ்டெம் செல்’ என்று நிறுத்திவிடாதீர்கள், தண்டு செல் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ‘கொழுப்பிழையக் குருத்தணு, மூன்றாம் நடவு, 5 சதவீத ஆக்சிஜன், மென்தரை, சீரம் இல்லாத ஊடகம்’ என்று எழுதுங்கள்.