இடாப்பில் இருக்கிற கணக்கு

2010 சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 25.7 சதவீதம். 2015 சனவரியில் அது 66 சதவீதம். ஐந்தே வருடத்தில் சனத்துக்கு இவ்வளவு ஆர்வம் வந்துவிட்டதா? வந்ததுதான். ஆனால் முழுக் காரணமும் அதுவல்ல.

சதவீதம் ஒரு பின்னம். மேலே வாக்களித்தவர்கள், கீழே வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்கள். 2010இல் கீழே 7.21 இலட்சம் பெயர்கள். இறந்துபோனவர்கள், ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டவர்கள் பலரின் பெயர்களும் அதில் அப்படியே கிடந்தன. திருத்திய பிறகு, 2015இல் அது 5.29 இலட்சம். மேலே இருந்த எண்ணோ 1.85 இலட்சத்திலிருந்து 3.5 இலட்சமாக ஏறியிருந்தது. சரி, இந்த 3.5 இலட்சத்தைப் பழைய 7.21 இலட்சத்தால் வகுத்துப் பாருங்கள்: 48.5 சதவீதம்தான் வரும். கூடிய 40 புள்ளிகளில் ஏறத்தாழ 23 மக்கள் வரிசையில் நின்று சேர்த்தவை. மிச்சம் 17 இடாப்பு சுருங்கியதால் வந்தவை.

வாக்குரிமை விரிந்தால் கீழே உள்ள எண் பெருக்கும். 1931க்கு முன் இலங்கையில் வருமானமும் சொத்தும் படிப்பும் பார்த்தே வாக்குக் கொடுத்தார்கள். சனத்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கே அது இருந்தது. பிரித்தானியர் ஆட்சியில் 1931இல் வந்த டொனமூர் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதைத் திறந்துவிட்டது. பிரித்தானியப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்கு கிடைத்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, எங்கள் ஆச்சிமாருக்கும் கிடைத்துவிட்டது! ஆனால் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்புமனுவே இல்லை. 1934 வரை அந்தக் கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன.

கீழே உள்ள எண்ணைச் சட்டம் குறைக்கவும் முடியும். 1948, 1949 சட்டங்கள் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. இடாப்பிலேயே இல்லாதவரை எந்தச் சதவீதமும் கணக்கெடுக்காது. அந்த அநீதியைத் தேர்தல் முடிவு அட்டவணையில் தேடினால் கிடைக்காது. எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் வலிக்கிற இடம் இது.

அப்புறம் ஆசனங்கள். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை எம்.பி. என்பதைத் தீர்மானிப்பதில் வாக்களித்தவர் தொகை கணக்கில் வராது, பதிவானவர் தொகைதான் வரும். 1994 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் போரினால் தீவுப்பகுதியை விட்டால் வாக்களிப்பே நடக்கவில்லை. 3 சதவீதம்கூட வாக்களிக்காத மாவட்டத்துக்கு 10 பேர் தெரிவானார்கள். இன்று விதானையார் (கிராம அலுவலர்) இடாப்புப் படிவத்தோடு வரும்போது 18 வயதான பிள்ளையின் பெயர் விடுபட்டால், அது ஊரின் பங்கிலும் ஒன்று குறைவதுதான். அந்த 10 ஆசனம் 2015இல் 7 ஆனது, 2024இல் 6.