பக்கத்து வீட்டுக்காரருக்குப் புது டேஷ்போர்டு, உங்களுக்கு ஏன் பழசு?

ஒரே ஹோஸ்டிங் நிறுவனத்தில் வெப்சைட் வைத்திருக்கும் இரண்டு பேர் போனில் பேசும்போது வரும் குழப்பம் இது. ஒருவர் "இடது பக்கம் மெனுவில் பாருங்க" என்பார், இன்னொருவர் திரையில் அங்கே மெனுவே இருக்காது. இரண்டு பேர் சொல்வதும் சரிதான், தளம்தான் இருவருக்கும் வேறு வேறு முகம் காட்டுகிறது.

லாகின் செய்ததும் வரும் நிர்வாகத் திரைதான் டேஷ்போர்டு. புது டேஷ்போர்டின் கோட் சர்வருக்கு எப்போதோ வந்து இறங்கியிருக்கும். பழையதும் புதியதும் அங்கே சேர்ந்தே கிடக்கும், நீங்கள் லாகின் செய்யும்போது எதைக் காட்டுவது என்று முடிவு செய்வது ஒரு சின்ன நிபந்தனை. ஃபீச்சர் ஃபிளாக் என்பார்கள். அதைக் கொண்டு முதலில் சிலருக்கு மட்டும் புதுசைத் திறப்பார்கள்.

யாருக்கு என்பது குலுக்கல் சீட்டு இல்லை. குலுக்கினால் ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் முகம் மாறி நீங்கள் கடுப்பாகிவிடுவீர்கள். அதனால் உங்கள் பயனர் எண்ணையும் அந்த மாற்றத்தின் பெயரையும் ஒட்டவைத்து ஹாஷ் கணக்கில் (எதைக் கொடுத்தாலும் ஒரு பெரிய எண்ணாக மாற்றும், அதையே மறுபடி கொடுத்தால் அதே எண்ணைத் தரும் கணக்கு) போட்டு, வருகிற பெரிய எண்ணை 100-ஆல் வகுத்து மீதியை எடுப்பார்கள். 0 முதல் 99 வரை ஏதோ ஒன்று வரும். உங்களுக்கு 37 என்றால் எத்தனை முறை கணக்குப் போட்டாலும் 37தான். 5 சதவீதம் பேருக்குத் திறப்பதென்றால் 0 முதல் 4 வரை உள்ளவர்களுக்குப் புதுசு, 20 ஆக்கினால் 19 வரை. ஏற்கெனவே உள்ளே வந்தவர் வெளியே போகமாட்டார், பட்டியல் எதையும் சேமிக்கவும் வேண்டாம். சரி, மாற்றத்தின் பெயர் எதற்கு? அது இல்லாவிட்டால் 0 முதல் 4 வரை எண் வாங்கிய அப்பாவிகளே எல்லா மாற்றத்துக்கும் முதல் சோதனை எலிகள் ஆவார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் பக் (கோளாறு), முதல் ஆயிரம் பேரிடம் தலைகாட்டாமலே போகலாம். அதனால்தான் படிப்படியாக ஏற்றுகிறார்கள். "புதியதை முயன்று பாருங்கள்" என்று பட்டன் வைத்துக் கருத்துக் கேட்பதை நான் அவ்வளவாக நம்பமாட்டேன், அதை அழுத்துபவர்கள் புதுசைத் தேடிப் போகிறவர்கள்தானே.

முன்னே போவது சுலபம், திரும்பி வருவதில்தான் வேலை இருக்கிறது. ஃபிளாக்கை அணைத்தால் பழைய திரை வந்துவிடும், ஆனால் இடையில் புதுத் திரையில் எழுதிச் சேமித்ததைப் பழையது படிக்க வேண்டுமே! வெப்சைட் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ், பத்தி, படம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாக (பிளாக்) வைத்து எழுதும் பிளாக் எடிட்டரை 2018 டிசம்பர் 6 அன்று 5.0 பதிப்பில் கொண்டுவந்தபோது இதைக் கெட்டிக்காரத்தனமாகக் கையாண்டது. ஒவ்வொரு பிளாக்கும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பை, பிரௌசர் காட்டாத ஹெச்டிஎம்எல் கமென்ட்டாகப் பதிவுக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். டேட்டாபேஸில் புது அட்டவணை தேவைப்படவில்லை. பிடிக்காதவர்கள் கிளாசிக் எடிட்டர் என்ற பிளகினை (கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்) போட்டுக்கொண்டு பழைய எடிட்டரிலேயே அந்தப் பதிவைத் திறக்க முடிந்தது. அப்படிப் போட்டுக்கொண்ட தளங்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

அப்புறம், 100 சதவீதம் தொட்டதும் பழைய கோட், ஃபிளாக் இரண்டையும் நீக்கிவிட வேண்டும், பலரும் சோம்பல்படுவது இங்கேதான். ஹோஸ்டிங் துறைக்கு வெளியே நடந்த ஒரு கதை: அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், கைவிடப்பட்ட ஒரு பழைய ஃபிளாக்கை 2012-இல் புது வேலைக்குப் பயன்படுத்தியது. எட்டு சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் புது கோட் போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் 1 அன்று அந்த ஒன்றில் பழைய கோட் உயிர்பெற்று, சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் காலி.