பரிந்துரை: சொல் விளக்கம்

பரிந்துரை என்றால் ஒருவரையோ ஒரு பொருளையோ நல்லது, தகுந்தது என்று இன்னொருவரிடம் எடுத்துச் சொல்வது. வினையாகவும் வரும்: பரிந்துரைத்தாள், பரிந்துரைக்கிறேன். பேச்சில் நாம் சிபாரிசு என்போம். இளையவர்கள் ரெகமண்டேஷன் என்பார்கள். எந்த வெளிநாட்டு நாவலை எடுக்கலாம் என்று வாசகர்கள் ஒருவரையொருவர் கேட்கும்போது மூன்றும் கலந்து வருகின்றன. அங்கே பரிந்துரைதான் பொருத்தமான சொல் என்று உறுதியாக நம்புகிறேன்.

சிபாரிசு பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே சிஃபாரிஷ், ‘ஒப்படைத்தல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல். தாசில்தார், சிரஸ்தார், தஸ்தாவேஜு போன்ற சொற்களோடு அரசு நிர்வாகத்தின் வழியாக இங்கே நுழைந்து, நம் நாக்குக்கு ஏற்ப சிபாரிசு ஆயிற்று. எங்கள் களியக்காவிளையைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் மலையாளத்தில் சுபார்ச. வடக்கே தெலுங்கில் சிஃபார்சு. ரெகமண்டேஷனின் லத்தீன் மூலத்துக்கும் ‘ஒப்படை’ என்பதுதான் அடிப்படைப் பொருள்.

சரி, பொருள் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு என்ன குறை? புழக்கம்தான். ‘சிபாரிசில் வேலை வாங்கினான்’ என்றால் யாரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. சிபாரிசுக் கடிதம், மேலிடத்துச் சிபாரிசு என்று அலுவலக வாசலிலேயே நின்று பழகிய சொல் அது. செல்வாக்கு உள்ளவர் இல்லாதவருக்காகச் சொல்வது என்ற வாடை அதில் ஒட்டிக்கொண்டது. ஒரு வாசகி இன்னொரு வாசகிக்கு ஒரு நார்வே நாவலைச் சொல்லும்போது அங்கே மேல், கீழ் ஒன்றும் இல்லை.

பரிந்துரையைப் பிரித்தால் பரிந்து, உரை. பரிதல் என்றால் அன்புகொள்ளுதல், இரங்குதல், ஒருவர் பக்கம் நிற்றல். திருவாசகத்தில் மாணிக்கவாசகர் ‘பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து’ என்கிறாரே, அதே பரிந்து. குழந்தைக்குப் பசி வரும் முன்பே நினைத்து ஊட்டுகிறவளின் மனம் அந்தச் சொல்லில் இருக்கிறது. பரிவும் அதே வேர்தான். வீட்டில் அப்பா பிள்ளையைத் திட்டும்போது பாட்டி இடையில் வந்தால், ‘அவனுக்குப் பரிஞ்சு பேசாதீங்க’ என்கிறோம். ஆக, நூலைப் பரிந்துரைப்பவர் அதன் பக்கம் நின்று பேசுகிறார். அறிமுகம் இல்லாத மொழியில், பெயரே வாயில் நுழையாத ஒருவர் எழுதிய நூலுக்குப் பேச இங்கே வேறு யாரும் இல்லை. எந்தப் பெரிய விளம்பரமும் இந்தப் பரிவுக்கு ஈடாகாது.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருந்தார். தமிழும் மலையாளமும் ஒன்றுபோல வாசிப்பார். விக்தோர் யூகோவின் 1862ஆம் ஆண்டு நாவலை நாலப்பாட்டு நாராயண மேனன் மலையாளத்தில் ‘பாவங்ஙள்’ என்று பெயர்த்தது 1925இல். காக்கி அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். ஆனால் கையை விடவில்லை. ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில். வெள்ளிப் பாத்திரத்தைத் திருடிக்கொண்டு போனவனைப் போலீஸ் பிடித்து வருகிறது. பாதிரியாரோ, விளக்குத் தண்டுகளையும் தந்தேனே, அவற்றை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்கிறார். அந்த இடம்வரை கதையைச் சொல்லிவிட்டு, “மக்களே, வாசிச்சிட்டு வா, பொறவு பேசலாம்” என்று கையை எடுத்தார். தட்டுத்தடுமாறி மலையாளம் வாசிக்க எனக்குக் கிடைத்த காரணம் அதுதான். இதே நாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்திருக்கிறார்.

பக்கத்துச் சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மதிப்புரை நிறைகுறை இரண்டையும் சொல்லும். அறிமுகம் இன்னது இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். முன்மொழிவு கூட்டத்தில் வைக்கும் யோசனை. பரிந்துரைக்கு மட்டும் எதிரே ஒரு குறிப்பிட்ட ஆள் வேண்டும்: ‘நீ படி’ என்று சொல்ல.

பழந்தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஆற்றுப்படை என்ற பழைய பாட்டு வகையைக் காட்டுவேன். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் எதிர்ப்படும் இன்னொரு பாணனிடம் எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது, யாரைப் பார்ப்பது என்று சொல்லி அனுப்புகிறான். ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்று தொல்காப்பியம் இதற்கு இலக்கணம் சொல்கிறது. தான் பெற்றதை இன்னும் பெறாதவருக்குச் சொல்வது. வாசகர்கள் செய்வதும் அதையேதான். நல்ல பரிந்துரைக்கு இங்கிருந்து ஒரு விதியையும் எடுத்துக்கொள்ளலாம்: போய் வந்தவர்தான் வழி சொல்ல வேண்டும். படிக்காத நூலைப் பரிந்துரைப்பது சொல்லுக்கே பொருந்தாது.

நவீனத் தமிழில் இந்த வேலையை அலுக்காமல் செய்தவர் எழுத்தாளரும் விமர்சகருமான க.நா.சுப்ரமண்யம். நல்ல நூல்கள் இவை என்று பட்டியல் போடுகிறார் என்று அவரைக் குறை சொன்னார்கள். அவரோ பட்டியலோடு நிற்கவில்லை. சொன்ன நூல்களில் சிலவற்றைத் தாமே மொழிபெயர்த்தும் கொடுத்தார். செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’, நட் ஹாம்சனின் ‘நிலவளம்’, பேர் லாகர்க்விஸ்டின் ‘அன்பு வழி’ எல்லாம் அப்படி வந்தவை. மூவரும் நோபல் பெற்றவர்கள்: முறையே 1909, 1920, 1951. ஆனால் இவர்களைத் தமிழ் வாசகர்களின் வீட்டுக்குள் கொண்டுவந்தது க.நா.சு.வின் பரிவு என்றே நினைக்கிறேன். அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் விமர்சகர் கேசரி பாலகிருஷ்ண பிள்ளை, பிரெஞ்சுக் கதாசிரியர் மாப்பசானையும் நார்வே நாடகாசிரியர் இப்சனையும் மலையாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சொன்னபின் நானும் ஒன்றைப் பரிந்துரைக்கிறேன்: ‘அன்பு வழி’. சிறிய நாவல், இரண்டு மாலையில் முடித்துவிடலாம். ஏசுவுக்குப் பதிலாக விடுதலையான பரபாஸ் அப்புறம் என்ன ஆனான் என்பது கதை. குமரி மாவட்டத்துக் கோயில்களில் புனித வெள்ளிதோறும் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் முதலில் எடுக்க வேண்டியது இதைத்தான்.