பிள்ளை எழுதிய வரியை அழிக்கச் சொல்லாதீர்கள்

ஆங்கில வகுப்பில் ஒரு கவிதையோ கதையோ நடத்தி முடித்ததும் பிள்ளைகளிடம் ஒரு பக்கம் எழுதச் சொல்வோம். பர்சனல் ரெஸ்பான்ஸ் என்போம். படிக்கும்போது உனக்கு என்ன தோன்றியது, எந்த இடத்தில் தோன்றியது, ஏன் தோன்றியது என்று எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். இந்த ஒரு பக்கத்தை வீட்டிலும் வெளியிலும் சேர்ந்து படுத்துகிற பாட்டைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அண்மையில் திருத்திய ஒரு நோட்டுக்கு அப்புறம் இனியும் பேசாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

பாடம், அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் 1916-இல் வெளியிட்ட தொகுப்பின் முதல் கவிதையான 'தி ரோடு நாட் டேக்கன்'. காட்டில் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒருவன் நின்று, ஒன்றைத் தேர்ந்தெடுத்து நடப்பான். அந்த மாணவியின் பக்கத்தில் நீல மையில் இப்படி இருந்தது: 'பிறர் போகாத பாதையில் துணிந்து நடக்க வேண்டும் என்று இந்தக் கவிதை எனக்கு ஊக்கம் அளிக்கிறது.' பக்கத்துக்குப் பக்கம் இதே வாக்கியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த நோட்டில் மைக்கு அடியில் பென்சிலில் எழுதி ரப்பரால் அழித்த தடம் இருந்தது. தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். 'இந்த ஆள் வயசான பிறகு பொய் சொல்லப்போகிறான். இரண்டு பாதையும் ஒன்றுதான் என்று முதலில் அவனே சொல்லிவிட்டானே' என்று இருந்தது.

ஏன் அழித்தாய் என்று கேட்டேன். "வீட்ல தப்புன்னு சொன்னாங்க மிஸ். கைடுலயும் நெட்லயும் வேற மாதிரி இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. அவள் அழித்த வரிதான் கவிதையை ஒழுங்காகப் படித்த வரி. ஒரு பாதையில் புல் கொஞ்சம் மிதிபடாமல் இருப்பதுபோல் அவனுக்கு முதலில் தெரிகிறது. அடுத்த மூச்சிலேயே, ஆள் நடந்து தேய்ந்ததில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறான். அன்று காலையில் இரண்டு பாதையிலும் யாரும் மிதிக்காத இலைகள் கிடந்தன என்றும் சொல்கிறான். கடைசிப் பத்திக்கு வந்தால், எத்தனையோ காலம் கழித்து ஒரு பெருமூச்சோடு இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன், ஆள் அதிகம் போகாத பாதையில் போனேன் என்று சொல்லுவேன் என்கிறான். முன்னே சொன்னதும் பின்னே சொல்லப்போவதும் ஒட்டவில்லை என்பதை ஒரு பள்ளிப் பெண் யார் உதவியும் இல்லாமல் பிடித்துவிட்டாள். பெரியவர்கள் சேர்ந்து அதை அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த நல்லெண்ணத்துக்கு அடியில் ஒரு தவறான நினைப்பு இருக்கிறது. என்னை மிகவும் எரிச்சல்படுத்துவது அதுதான். பர்சனல் ரெஸ்பான்ஸுக்கும் ஒரு சரியான விடை உண்டு, அது டீச்சரின் மனதிலோ கைடிலோ இருக்கிறது, பிள்ளை அதைக் கண்டுபிடித்து எழுத வேண்டும் என்கிற நினைப்பு. "மாடல் ஆன்சர் ஒண்ணு கொடுத்துட்டீங்கன்னா நாங்க வீட்ல பழக்கிடுவோம் மேடம்" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இதற்கு மாடல் ஆன்சர் கிடையாது. நான் தர மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒன்று இருக்கவே முடியாது.

கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 'இந்த வரியைப் பேசுவது யார்?' என்று கேட்டால் ஒரே விடைதான். 'இந்தச் சொல் இங்கே என்ன பொருளில் வருகிறது?' என்றால் ஒன்றோ இரண்டோ. 'இந்த இடத்தைப் படித்தபோது உனக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்டால் அதற்கான விடை உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் இருக்கிறது. கைடு எழுதியவர் உங்கள் பிள்ளையின் தலைக்குள் உட்கார்ந்து அந்தக் கதையைப் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. ஒரே காட்சியைப் படித்து ஒருத்திக்குக் கோபம் வரும், ஒருவனுக்குப் பரிதாபம் வரும், இன்னொருவனுக்குச் சலிப்பு வரும். மூவரும் முழு மார்க் வாங்கலாம். மூவரும் தோற்கவும் செய்யலாம். அந்த உணர்ச்சியைக் கதையின் எந்த வரியில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், அந்த வரியை எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறோம். கோபம் சரி, பரிதாபம் தவறு என்று யாரும் மார்க் போடுவதில்லை.

லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1938-லேயே ஒரு புத்தகம் முழுக்க இதற்காக வாதாடினார். இலக்கியத்தின் பொருள் தாளிலும் மட்டும் இல்லை, வாசகரிடத்திலும் மட்டும் இல்லை, இரண்டும் சந்திக்கிற இடத்தில் நிகழ்கிறது என்பது அவர் கருத்து. பின்னால் அவர் சொன்ன ஓர் எடுத்துக்காட்டைப் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். குழந்தை விஷத்தைக் குடித்துவிட்டது, தாய் புட்டியின் லேபிளைப் பதறிப் படிக்கிறாள். முறிவு மருந்து என்ன என்கிற தகவல் ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். அவளுக்குப் பதில் வேறு யாராவது படித்துச் சொன்னாலும் காரியம் நடந்துவிடும். கவிதையை அப்படி ஒருவருக்காக இன்னொருவர் படித்துத் தர முடியாது. நாம் என்னவோ எல்லாவற்றையும் விஷப் புட்டியைப் படிக்கிற மாதிரியே படிக்கப் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

தேர்வில் இதற்கெல்லாம் எங்கே மார்க் என்று கேட்பவர்களுக்கு: கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ என்ற பன்னாட்டுப் பள்ளித் தேர்வின் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்தில், நுண்ணுணர்வும் பாடத்தைப் பற்றிய தெளிவும் கூடிய தனிப்பட்ட எதிர்வினையை வெளிப்படுத்துவது என்பது மதிப்பீட்டு நோக்கங்களில் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. கேள்வித்தாளில் 'நீ', 'உனக்கு' என்று வந்தால் அது மரியாதைக்கு வருவதில்லை. நிஜமாகவே உன்னைத்தான் கேட்கிறார்கள்.

இரவல் வாக்கியத்தைத் திருத்துகிறவர் கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும். 'என் உள்ளத்தை ஆழமாகத் தொட்டது', 'என்னைச் சிந்திக்க வைத்தது', 'வாழ்க்கையைப் பற்றிய என் பார்வையையே மாற்றியது' என்று இருக்கும். எந்த வரி தொட்டது, என்ன சிந்தித்தாய், முன்னால் இருந்த பார்வை என்ன என்பதற்கு ஒரு சொல் இருக்காது. பாடத்தின் பெயரை மாற்றிவிட்டால் வேறொரு கதைக்கும் அந்தப் பக்கம் அப்படியே பொருந்தும். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலேயத் திறனாய்வாளர் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் எழுதியவர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்து, மனதில் பட்டதை எழுதி வாங்கினார். அவற்றை அலசி 1929-இல் வெளியிட்ட நூலில், கவிதையைப் படிக்கவிடாமல் தடுக்கிற பத்துச் சிக்கல்களை வரிசைப்படுத்துகிறார். கவிதை தூண்டாமலேயே தயாராக வந்து விழுகிற எதிர்வினை அதில் ஒன்று. தாய் என்று வந்தால் தியாகம், பாதை என்று வந்தால் துணிவு. படிப்பதற்கு முன்பே பதில் கையில் இருக்கிறது.

இப்போது ஏஐ வந்துவிட்டது. கேட்ட மாத்திரத்தில் 'எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது' என்று எழுதிக் கொடுக்கிறது. யாருக்கு நெகிழ்ச்சியாக இருந்தது? புரியாத சொல்லுக்குப் பொருள் கேள், அந்தக் காலத்துப் பின்னணியைக் கேள், தவறே இல்லை. உனக்கு என்ன தோன்றியது என்பதை அதனிடம் போய்க் கேட்காதே.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. சொந்தக் கருத்துதானே, எதை எழுதினாலும் சரிதான் என்பது. சரியில்லை. கவிதையில் நாய் வருகிறது என்பதற்காகத் தன் வீட்டு நாயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கவிதைக்குத் திரும்பியே வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். ரிச்சர்ட்ஸின் பத்தில் இதுவும் ஒன்று, படித்ததோடு ஒட்டாத சொந்த நினைவு. நினைவு வரட்டும், அதைப் பிடித்துக்கொண்டு பாடத்துக்குத் திரும்பி வா. அப்புறம், நேர்ப்பொருளையே தவறாகப் புரிந்துகொண்டு அதன் மேல் எழுப்புகிற உணர்ச்சிக்கு மார்க் கிடையாது. அவருடைய பட்டியலில் முதல் சிக்கலே அதுதான்.

பிள்ளைகளிடம் உணர்ச்சி இல்லாமல் இல்லை. அதற்குச் சொல் பற்றவில்லை. 'சோகமாக இருந்தது' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். இந்த இடத்தில் நான் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசுகிற மெய்ப்பாட்டியலை எடுத்துக்கொள்வேன். ஆங்கில வகுப்பில் தொல்காப்பியமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், இவ்வளவு உதவுகிற கருவி வேறு எனக்குக் கிடைக்கவில்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறரால் இழிவுபடுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை.

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில், வட்டிக்குக் கடன் கொடுக்கிற யூதன் ஷைலாக் வழக்கில் தோற்றுப்போகிற நீதிமன்றக் காட்சி முடிந்ததும் ஒரு மாணவன் 'ஷைலாக்கைப் பார்த்தால் பாவமாக இருந்தது' என்று மட்டும் எழுதியிருந்தான். இந்த நான்கில் எது என்று கேட்டேன். முதலில் இழவு என்றான், மகள் போனாள், பணம் போயிற்று என்று. கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இல்ல மிஸ், இளிவு" என்றான். எந்த வரி என்றதற்கு, சொத்தும் போய், மதம் மாற வேண்டும் என்ற நிபந்தனையும் விதித்துவிட்டு, உனக்குத் திருப்திதானா என்று, சட்ட அறிஞர் வேடத்தில் வந்திருக்கும் போர்ஷியா கேட்கிற இடத்தைக் காட்டினான். திருப்திதான் என்று ஷைலாக் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. உடனே, உடம்பு சரியில்லை, என்னைப் போக விடுங்கள் என்கிறான். "பறிச்சது மட்டும் இல்ல மிஸ், சந்தோஷம்னும் சொல்ல வைக்கிறாங்க" என்றான் மாணவன். எந்தக் கைடும் அவனுக்கு அதைக் கொடுக்கவில்லை. 'பாவமாக இருந்தது' என்பதற்கும் இதற்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு கேள்வி.

'எனக்குப் பிடிக்கவில்லை' என்று எழுதப் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். எழுதலாம் கண்ணு, தாராளமாக எழுதலாம். எந்தப் பக்கத்தில் அலுப்புத் தட்டியது, யாருடைய பேச்சு நம்பும்படி இல்லை என்று காட்டு. பொய்யாகப் புகழ்வதைவிட அதற்கு நல்ல மார்க் வரும்.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கங்களில் பிள்ளைகள் சில சமயம் தங்கள் நிஜ வாழ்க்கையை வைத்துவிடுகிறார்கள். கதையில் வருகிற மரணத்தைப் பற்றி எழுத ஆரம்பித்து, தன் வீட்டு மரணத்தில் போய் நிற்கும். பிள்ளையைக் கேட்காமல் அதை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் எடுத்துக் காட்டாதீர்கள். 'நம்ம வீட்டைப் பத்தி ஏன் எழுதுனே?' என்று அதட்டாதீர்கள். ஒரு முறை அதட்டினால் போதும், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கைடைத்தான் எழுதும். யாரோ தன்னைத் துன்புறுத்துவதாகவோ, வாழப் பிடிக்கவில்லை என்றோ ஒரு வரி கண்ணில் பட்டால், அந்த நிமிடத்திலிருந்து அது பாடம் இல்லை. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கே பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பள்ளியில் இதற்குப் பொறுப்பானவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

மாணவர்களுக்கு: முதல் வாசிப்பில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே. கையில் பென்சில் இருக்கட்டும், எங்கே நிற்கிறாயோ, எங்கே முகம் சுளிக்கிறாயோ அங்கே ஒரு கோடு போடு. வகுப்பில் அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே நாலு வரி எழுதிவிடு, பேசிய பிறகு எழுதினால் அது வகுப்பின் கருத்தாகிவிடும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை, தட்டுத்தடுமாறி எழுது. ரப்பரைத் தொடாதே. மனம் மாறினால் பழைய வரியை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, கீழே ஏன் மாறியது என்று எழுது. அந்த மாற்றத்தைப் படிக்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

பெற்றோரே, எழுத்துப்பிழை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உதவியே ஆக வேண்டும் என்றால், எந்த வரியைப் படிக்கும்போது அப்படித் தோன்றியது என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள், இடையில் சொல் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

சக ஆசிரியர்களே, நாம் போர்டில் எழுதுகிற கேள்வியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 'கவிஞரின் துணிவு உன்னை எவ்வாறு ஈர்த்தது?' என்று கேட்டால் துணிவு என்ற விடையையும் ஈர்த்தது என்ற உணர்ச்சியையும் நாமே கொடுத்தாயிற்று. பிள்ளை என்னதான் செய்யும்? 'எந்த வரியில் நின்றாய்? ஏன்?' என்று கேளுங்கள். நம் கருத்தை அவர்கள் எழுதி முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதல் நகலில் இலக்கணப் பிழையைச் சுழிக்காமல், ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதித் திருப்பிக் கொடுங்கள். இலக்கணத்தை இரண்டாவது நகலில் பார்த்துக்கொள்ளலாம்.