6 மி.மீ. போல்ட்டுக்கு 5 மி.மீ. துளை ஏன்?

"எம்6 மரை, அதாவது 6 மி.மீ. போல்ட்டுக்கான திருகுப் புரி, வெட்ட 5 மி.மீ. டிரில் போடச் சொல்கிறது அட்டவணை. 4.8 போட்டால் மரை இன்னும் ஆழமாக விழுந்து, இன்னும் வலுவாகப் பிடிக்காதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பிடிக்காது. துளைக்குள் மரை வெட்டும் கருவியான டேப்பின் நடுத்தண்டே ஏறக்குறைய அவ்வளவு பருமன் என்பதால், டேப் துளைக்குள் இறுகி ஒடியும் வாய்ப்புதான் கூடும்.

கணக்கு சுலபம். போல்ட்டின் விட்டத்திலிருந்து பிட்ச்சை, அதாவது அடுத்தடுத்த இரண்டு மரை முகடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கழித்தால் டிரில் அளவு கிடைத்துவிடும். எம்6-க்கு பிட்ச் 1, துளை 5. எம்10-க்கு பிட்ச் 1.5, துளை 8.5. இப்படிப் போட்டால் ஏறக்குறைய 77 சதவீத மரை, அதாவது முழு ஆழத்தில் 77 சதவீதம், விழும். மீதி 23 சதவீதத்தை ஏன் விட்டுக்கொடுக்கிறோம்?

பதில் மரையின் வடிவத்தில் இருக்கிறது. அதன் பற்கள் 60 பாகை முக்கோணங்கள். எம்6 துளையில் ஒரு பல்லின் அடிப்பாகம் சுமார் 0.87 மி.மீ. அகலம், முழு ஆழத்துக்கு வெட்டினாலும் நுனி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. போல்ட்டை இழுக்கும்போது துளையின் பல் அறுபடுவதென்றால் அடிப்பாகத்தில்தான் அறுபட வேண்டும். துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு நுனியைக் கொஞ்சம் குறைத்தால் அந்த அடிப்பாகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை! போல்ட்டின் பல்லோ துளைச் சுவரை ஒட்டிய இடத்தில், 0.7 மி.மீ. தடிப்பில் அறுபடும். எனவே இரண்டும் ஒரே உலோகமாக இருந்தால், முதலில் தோற்பது போல்ட்டின் பல்தான். மரைக்குப் போதிய நீளம் இருந்தால் பற்கள் அறுபடும் முன்பே போல்ட்டின் தண்டு அறுந்துவிடும்.

நுனியை முழுதாக வெட்ட முனைந்தால் செலவு அதிகம். நூறு சதவீத மரை, 75 சதவீத மரையைவிட ஏறக்குறைய 5 சதவீதம்தான் கூடுதல் வலுவுள்ளது. அதை வெட்ட டேப்புக்குச் சுமார் மூன்று மடங்கு விசை வேண்டும் என்பது பட்டறைக் கையேடுகளின் கணக்கு. சீவல் வெளியேற வழியின்றி நெருக்கும். டேப்போ கடினமானது, ஆகவே நொறுங்கக்கூடியது. துருப்பிடிக்காத எஃகு போன்ற முரட்டு உலோகங்களில் 5.2 போட்டு, அறுபது சொச்சம் சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். "இறுக்கமாக இருந்தால்தான் பலம்" என்ற நம்பிக்கை, சகுனம் பார்ப்பதைவிட அதிகமான டேப்புகளை ஒடித்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதற்காக 5.5 வரை போய்விடக் கூடாது. பற்கள் ஒன்றையொன்று நுனியில் மட்டும் பற்றி, வளைந்து, உருவிக்கொண்டு வந்துவிடும்.

ஆனால் அதே 5.5 சரியாகப் பொருந்தும் டேப் ஒன்றும் உண்டு. சீவலே எடுக்காமல், உலோகத்தை அழுத்திப் பிதுக்கி மரை உருவாக்கும் வகை அது. பள்ளத்திலிருந்து நகர்ந்த உலோகம் அப்படியே முகடாக எழும்புகிறது. எதுவும் வெளியே போவதில்லை. அதனால் பிட்ச்சில் பாதியை மட்டும் கழித்தால் போதும். அலுமினியம் போன்ற நெகிழ்வான உலோகங்களுக்கு இது நன்றாக ஒத்துவரும்; பிதுங்காமல் உடைகிற வார்ப்பிரும்புக்கு ஆகாது.