சௌவின்: சொல்லும் பொருளும்

Samhain என்ற பழைய ஐரிஷ் விழாவின் பெயரை ஆங்கில எழுத்துகளைப் பார்த்து எழுத்துக்கூட்டினால் 'சம்ஹைன்' என்றுதான் வரும். அயர்லாந்தில் அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஐரிஷ் எழுத்துமுறையில் மகரத்தின் பக்கத்தில் ஹகரம் வந்தால் மகரம் குழைந்து வகரமாகிவிடும். ஆகவே சரியான ஒலிப்பு 'சௌவின்'. தமிழிலும் அப்படி எழுதுவதே முறை.

ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்தின் பெயரே சௌவின்தான். நவம்பர் 1 அன்று வரும் பழைய பருவ விழாவுக்கும் அதே பெயர். பொழுது சாய்ந்ததுமே மறுநாள் பிறந்துவிடும் என்பது அவர்களுடைய பழைய கணக்கு. அதனால் அக்டோபர் 31 மாலையே விழா தொடங்கிவிடும். ஹாலோவீன் வளர்ந்தது அந்த இரவிலிருந்துதான். இம்பொல்க், பியல்டினா, லூனசா என்று வேறு மூன்று பருவ விழாக்களும் உண்டு.

மே மாதம் மேட்டுப் புல்வெளிக்கு ஓட்டிப்போன மாடுகளைச் சௌவினை ஒட்டிக் கீழே ஓட்டிவருவார்கள். அப்புறம் நீண்ட இருட்டு. கதை சொல்லும் காலமும் அதுதான். கணப்பைச் சுற்றி ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் கம்பளி நூற்றுக்கொண்டும் காலுறை பின்னிக்கொண்டும் கேட்டிருப்பார்கள்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? இடைக்கால ஐரிஷ் அறிஞர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: 'சம்' என்றால் கோடை, 'ஃபுயின்' என்றால் முடிவு, ஆக, கோடைமுடிவு. கேட்க அழகாக இருக்கிறது. பருவமும் பொருந்துகிறது. ஆனால் பொருந்துவதெல்லாம் வேர் ஆகிவிடாது. பிரான்சில் கொலினி என்ற ஊரில் 1897-இல் கிடைத்த, ஐரிஷுக்கு உறவான ஒரு பழைய கெல்டிக் மொழியில் எழுதிய வெண்கல நாட்காட்டியில் 'சமோனியோஸ்' என்ற மாதமும், 'சமோனியின் மூன்று இரவுகள்' என்று பொருள்படும் குறிப்பும் இருக்கின்றன. பிற்கால அறிஞர் சிலர் இதையும் சேர்த்துப் பார்த்து, 'ஒன்றுகூடுதல்' என்பதே வேர்ப்பொருள் என்கிறார்கள். சம்மேளனம், சங்கமம் என்ற சொற்களின் முன்னால் நிற்கும் வடமொழிச் 'சம்' அந்த வேருக்கு உறவு. அயர்லாந்தின் பழைய அரச இடமான தாரா மேட்டில் சௌவினை ஒட்டிப் பெருங்கூட்டம் கூடியதாகப் பழைய கதைகள் சொல்வதால் எனக்கு இந்த விளக்கத்தின் மேல்தான் நம்பிக்கை. இன்னொன்று: சௌவின் ஒரு சாவுக் கடவுளின் பெயர் என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டில் கிளம்பிய பிழை அது.

அந்தத் தாரா மேடு மீத் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 'பணயக்கைதிகள் மேடு' என்று ஒரு கல்லறை உண்டு. புல் மூடிய சிறு குன்று, குனிந்து பார்க்கும்படி ஒரு கல் வாசல், உள்ளே சில அடி நீளத்துக்கு ஒரு வழி. இடப்பக்கக் கல்லில் வட்டங்களும் குழிகளும் செதுக்கியிருக்கிறார்கள். சௌவினை ஒட்டிய நாட்களில் காலை வெயில் நேராக அந்த வழியே உள்ளே போய் விழும். கட்டி ஏறத்தாழ 5000 ஆண்டுகள். ஐரிஷ் மொழி அந்தத் தீவில் பேசப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த நாளைக் குறித்துவைத்த மக்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்களோ!

ரோஸ்காமன் மாவட்டத்திலுள்ள பூனைக் குகையும் சௌவினுக்கு உரிய இடம். அன்றிரவு மறுவுலகத்துப் பிராணிகள் அதன் வழியே வெளியே வரும் என்பது கதை. தவழ்ந்துதான் நுழைய வேண்டும். நுழைந்ததும் தலைக்கு மேலுள்ள கல்லில், கோடுகளாலேயே ஆன ஓகம் எழுத்தில், 'மேவின் மகன் ஃபிரேக்கினுடையது' என்று வெட்டியிருக்கிறது. கதைகளில் வரும் அரசி மேவின் பெயர் கல்லிலும் இருப்பதை எண்ணினால் எனக்குச் சிலிர்க்கிறது.

இனி தமிழ்ச் சொல். 'இலையுதிர்கால விழா' என்பது சரியில்லை. ஐரிஷ் கணக்கில் அக்டோபரின் பெயரே 'அறுவடையின் முடிவு'. அத்தோடு இலையுதிர்காலம் தீர்ந்தது. சௌவின் குளிர்காலத்தின் முதல் நாள். 'கோடைமுடிவு விழா' என்றால் ஐயத்துக்குரிய வேரை நாம் உறுதிசெய்ததாகிவிடும்.

நம்மிடம் கூதிர் இருக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க் காலம். 'கூதல் அடிக்குது' என்று பேச்சில் இன்னும் சொல்கிறோமே, அதுதான். பனி கொட்டும் குளிர் இல்லை, மழையும் வாடையும் சேர்ந்த ஈரக் குளிர். அயர்லாந்தின் நவம்பரும் பெரும்பாலும் அப்படித்தான். நெடுநல்வாடையின் தொடக்கத்தில் மழைக்கு வெறுத்த கோவலர் மாட்டு மந்தையை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போய், கையில் கொள்ளியைப் பிடித்துக்கொண்டு கன்னம் நடுங்க நிற்கிறார்கள். மாடு, நெருப்பு, குளிர் மூன்றும் அங்கே இருக்கின்றன.

விழாவின் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம். பொங்கலை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. முதல் முறை வரும்போது 'சௌவின் என்ற கூதிர்த் தொடக்க விழா' என்று எழுதிவிட்டு, அப்புறம் சௌவின் என்றே எழுதிப் போகலாம்.